போல்ட்டும் ஒரு சுருள்வில்லே!

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்னும் கார்ப் பந்தயத் தடம் இருக்கிறது. மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்திப் பந்தயக் கார்களை உருவாக்கிய கோவை எஸ். கரிவரதன் (1954–1995) அவர்களின் பெயர் தாங்கிய தடம் அது. பந்தயக் கார் என்றதும் நமக்கு எஞ்சின்தான் நினைவுக்கு வரும். ஆனால், விரல் பருமனே உள்ள ஒரு போல்ட்டை நம்பியும் ஓட்டுநரின் உயிர் இருக்கிறது!

எஞ்சினின் ஆற்றல் சுழலும் தண்டுகள் வழியே சக்கரங்களை அடைகிறது. சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது தண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. எனவே, அவற்றுக்கிடையே வளைந்து கொடுக்கும் இணைப்பு தேவை. 1962இல் வெளிவந்த இங்கிலாந்தின் லோட்டஸ் ஈலான் காரிலும், அக்காலப் பந்தயக் கார்கள் சிலவற்றிலும் இதற்காகத் தடித்த ரப்பர் வளையத்தைப் பயன்படுத்தினார்கள். உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள்! அதனுள் ஆறு இரும்புக் குழல்கள் புதைந்திருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று குழல்கள் ஒரு தண்டின் கைகளோடும், மற்ற மூன்றும் அடுத்த தண்டின் கைகளோடும் போல்ட்டுகளால் பிணைக்கப்படும். நம் ஊர்க் கிணற்றடியில், மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கில் உள்ள ரப்பர் புஷ்களும் இதன் உறவினர்களே.

நட்டை முறுக்கும்போது என்ன நடக்கிறது? போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்த சுருள்வில்லைப் போல அது மீண்டும் சுருங்க முயல்கிறது. அதனால் இரு இரும்புப் பரப்புகளும் இறுக நெருக்கப்படுகின்றன. அப்பரப்புகளுக்கிடையே எழும் உராய்வுதான் சுழற்சியைக் கடத்துகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 250 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புத்திறன் 50 நியூட்டன் மீட்டர். இதை 0.2 ஆலும் போல்ட்டின் விட்டத்தாலும் வகுத்தால் இழுவிசை தோராயமாகக் கிடைக்கும். 10 மி.மீ. போல்ட்டுக்கு அது 25,000 நியூட்டன். அதாவது, ஏறத்தாழ இரண்டரை டன் எடை! மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, 0.2 என்பது 0.15 ஆகலாம். அப்போது அதே முறுக்கலில் இழுவிசை 33,000 நியூட்டனைத் தாண்டிவிடும். போல்ட் அளவுக்கு மீறி நீண்டு பழுதாகவும் கூடும்.

தளர்வாக விட்டாலோ, பரப்புகள் வழுக்கும். வேகம் கூடும்போதும் குறையும்போதும் போல்ட் முன்னும் பின்னும் வளையும். பலமுறை மடக்கிய கம்பியைப் போல ஒருநாள் முறியும். விடுபட்ட தண்டு சாட்டையாய்ச் சுழன்று அருகிலுள்ளவற்றை நொறுக்கும்.

ஆகவே, இரு விதிகள். முதலாவது, போல்ட் நெருக்க வேண்டியது இரும்பை, ரப்பரை அன்று. நெருக்குண்ட ரப்பர் நாளடைவில் தளர்ந்து, பிடியும் தளர்ந்துவிடும். அதற்காகவே உள்ளே இரும்புக் குழல். இரண்டாவது, குழலைத் தொடும் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுமுனையை மட்டும் திருப்ப வேண்டும். இல்லாவிடில் குழலும் திரும்பி, ஓடுவதற்கு முன்பே ரப்பர் முறுக்கேறி நிற்கும். இறுக்கத்தைக் கைப்பழக்கத்துக்கு விடாமல், டார்க் ரெஞ்சால் அளந்து முறுக்குவதே முறை.

மாணவர்களே, 12 மி.மீ. போல்ட்டில் இதே 25,000 நியூட்டன் இழுவிசை வேண்டுமானால் எவ்வளவு திருப்புத்திறன் தேவை? கணக்கிட்டுப் பாருங்கள்!