சீசன் பாஸா... சீசன் டிக்கெட்டா?

விழுப்புரம் ஜங்ஷன். காலை நேரத்து ரயில். ஒரு காலத்தில் ஜன்னல் சீட்டுக்குத்தான் அடிதடி நடக்கும். இப்போது சிக்னல் கிடைக்கிற சீட்டுக்கு! முண்டியம்பாக்கம் வருவதற்குள் ஒரு மேட்ச். விக்கிரவாண்டியில் இன்னொண்ணு. பேரணியில் 'அய்யோ, போச்சே!' சத்தம். மயிலத்தில் 'மச்சி, லெஜண்டரிடா!' அலறல். திண்டிவனத்தில் இறங்கும்போது போனில் சார்ஜும் பாதி, பாக்கெட்டில் காசும் பாதி!

ரம்மி மேட்டர்னு நினைச்சுடாதீங்க. இது கார்டு சேர்க்கிற கேம். வீரன், மந்திரவாதி, டிராகன் என்று நூற்றுக்கணக்கில் கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. கிடைத்ததை வைத்து ஒரு கட்டு தயார் பண்ண வேண்டும். அதுக்குப் பேர் 'டெக்'. அதோடு முகம் தெரியாத எதிராளியிடம் மோத வேண்டும். 2014-ல் வந்த 'ஹார்த்ஸ்டோன்', 2016-ல் வந்த 'கிளாஷ் ராயல்', 2022-ல் வந்த 'மார்வெல் ஸ்னாப்', 2024-ல் வந்த 'போகிமான் டி.சி.ஜி. பாக்கெட்' எல்லாம் இந்தக் குடும்பம்தான். டவுன்லோடு ஃப்ரீ. ஆடுறதும் ஃப்ரீ.

'ஃப்ரீன்னா அப்புறம் காசு எப்படிங்க பாதி ஆகும்?' என்று கேட்கிறீர்களா? அதுக்கு நம்ம நண்பர் ஒருத்தர் கதையைச் சொல்லணும்.

கறுப்பு கோட் பயம்!

நண்பருக்கு வீடு விழுப்புரம். பி.காம். படிப்பது திண்டிவனத்தில். மாசம் பிறந்தால் ரயில் சீசன் டிக்கெட்டுக்கு அம்மா பணம் தருவார். அந்த மாசம் பார்த்து அவர் ஆடுகிற கேமில், 'சீசன் பாஸ் முடிய இன்னும் 2 நாள்தான்' என்று டைமர் ஓடியது. கேமுக்குள்ளும் சீசன், ரயிலுக்கும் சீசன்! 'ரயிலுக்கு நாளைக்கு எடுத்துக்கலாம்' என்று யு.பி.ஐ.யில் தட்டிவிட்டார். பாஸ் வந்தது. மிச்சப் பணத்துக்குக் கார்டு பாக்கெட்டுகளும் வந்தன. அவர் தேடிய கார்டு மட்டும் வரவே இல்லை.

அந்த 'நாளைக்கு' பத்து நாளாக நீண்டது. கறுப்பு கோட் கண்ணில் பட்டால் நண்பர் டாய்லெட்டுக்குள் ஓடுவார். பதினோராம் நாள், திண்டிவனம் பிளாட்பாரத்திலேயே டி.டி.ஆரிடம் மாட்டினார். டிக்கெட் இல்லாவிட்டால் கட்டணம் போக அபராதமே குறைந்தது 250 ரூபாய். கூட வந்தவர்கள் அம்பது, நூறு என்று போட்டு மீட்டார்கள்.

"காசு கூட பரவால்ல மச்சி. 'சீசன் எடுத்துட்டியாப்பா?'ன்னு அம்மா கேட்டப்ப, 'ம்'னு சொன்னேன் பாரு... அதுதாண்டா இன்னும் குத்துது" என்றார்.

கேமைத் திட்டாதீங்க!

உடனே 'இதெல்லாம் வெட்டி வேலை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இதில் நிஜமாகவே மூளைக்கு வேலை இருக்கிறது. ஹார்த்ஸ்டோனில் 30 கார்டு, மார்வெல் ஸ்னாப்பில் 12, கிளாஷ் ராயலில் வெறும் 8. எதை எடுப்பது, எதை விடுவது, எதிராளி அடுத்து எதை இறக்குவான், இருக்கிற சக்தியை இப்போதே செலவழிப்பதா, சேமிப்பதா... எல்லாவற்றையும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். நிகழ்தகவை இதைவிட ஜாலியாக எந்த புரொபசரும் நடத்த முடியாது!

சாட்சி வேணுமா? 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக இடம்பிடித்தது. அதில் ஹார்த்ஸ்டோன் ஆடி வெண்கலம் வாங்கியவர், குஜராத்தின் பூஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா. காட்சிப் போட்டி என்பதால் பதக்கப் பட்டியலில் அது சேரவில்லை. ஆனாலும் கார்டு கேம் ஆடி ஒரு இந்தியர் மேடை ஏறினார் என்பது நிஜம்.

இன்னொரு ப்ளஸ்ஸும் உண்டு. காஸ்ட்லி கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாதவருக்கும் இங்கே கதவு திறந்தே இருக்கிறது. ஒரு சுமாரான போன், கொஞ்சம் டேட்டா போதும். எதிரில் ஆடுகிறவர் கொரியாவோ, பிரேசிலோ... நீங்க எந்த ஊர், எந்த மீடியம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அப்ப கடுப்பு எங்கே?

அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தீப்பெட்டி படம் சேர்த்த கதை சொல்வார். அண்ணனிடம் கேட்டால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு கதை. ஒரே படம் ரெண்டு வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம். போன் கேம்கள் பலவற்றில் அந்தப் பண்டமாற்றே கிடையாது. மாற்றுகிற 'பேங்க்' கம்பெனியே நடத்துகிறது. ரேட்டும் அவர்கள் வைத்ததுதான். ஹார்த்ஸ்டோனில் ஒரு லெஜண்டரி கார்டை உடைத்தால் 400 'டஸ்ட்' கிடைக்கும். புதுசாக ஒன்று செய்ய 1,600 வேண்டும். ஆக, நாலு ராஜாவைக் காவு கொடுத்தால்தான் ஒரு ராஜா!

அடுத்தது காத்திருப்பு. கிளாஷ் ராயல் வந்த புதிதில், ஜெயித்துக் கிடைத்த பெட்டியைத் திறக்க 3 மணி நேரம், 8 மணி நேரம் என்று காத்துக்கிடக்க வேண்டும். போகிமான் பாக்கெட்டில் 12 மணி நேரத்துக்கு ஒரு பாக்கெட் இலவசம். மாதச் சந்தா கட்டினால் நாளுக்கு இன்னொன்று. நம் பொறுமைக்குத்தான் அங்கே விலை வைத்திருக்கிறார்கள்.

20 தடவை திறந்தா வந்துடுமா?

கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படாதீங்க, அரியர் வராது! ஒரு கேமில் அபூர்வ கார்டு வருகிற வாய்ப்பு பாக்கெட்டுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். '20 பாக்கெட் உடைச்சா ஒண்ணு கேரன்ட்டி' என்றுதான் மனசு சொல்லும். தப்பு. கிடைக்காமல் போகிற வாய்ப்பு 0.95. அதை 20 முறை பெருக்கினால் சுமார் 0.36. அதாவது 20 பாக்கெட் உடைத்த 100 பேரில் சுமார் 36 பேருக்கு ஒன்றுகூட வராது! அதுவும் 'ஏதோ ஒரு' அபூர்வ கார்டுக்கான கணக்குதான். நீங்க தேடுற அதே கார்டு என்றால் நிலைமை இன்னும் மோசம்.

இத்தனை பாக்கெட்டுக்குள் ஒன்று நிச்சயம் என்று வாக்கு கொடுக்கிற கேம்களும் உண்டு. ஹார்த்ஸ்டோனில் அந்த எல்லை 40 பாக்கெட். 'இன்னும் நாலே பாக்கெட்தான்' என்று மறுபடி பர்ஸைத் திறக்க வைப்பதும் அதே வாக்குதான்.

இந்த ஏக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜப்பான் முன்பே பார்த்துவிட்டது. குலுக்கலில் வருகிற கார்டுகளைச் சேர்த்து முழு செட்டையும் முடித்தால் பெரிய பரிசு என்ற 'கம்ப்ளீட் காச்சா' முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்த நாட்டு நுகர்வோர் அமைப்பு 2012-ல் அறிவித்தது. நம்ம ஊரில், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசின் 2025 சட்டம் தடை செய்தது. கார்டு கேமிலோ பணம் உள்ளே போவதோடு சரி, ஜெயித்தாலும் ரூபாயாகத் திரும்பாது. அது வேறு கணக்கு. இங்கே நமக்கு நாமேதான் போலீஸ்.

கார்டு யாருக்குச் சொந்தம்?

தீப்பெட்டி படம் இன்னும் பரண் மேல் இருக்கலாம். போன் கார்டு? 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் லெஜண்ட்ஸ்' கேமின் சர்வர் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. வருஷக்கணக்கில் சேர்த்த கார்டுகளும் அதோடு காலி. தாராளமாகக் கார்டு தந்து நல்ல பேர் வாங்கிய 'லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டரா'வின் குழுவை, வருமானம் போதவில்லை என்று 2024 ஜனவரியில் ரையட் நிறுவனம் சுருக்கியது. அள்ளிக் கொடுத்தால் கம்பெனிக்குக் கட்டாது. கொடுக்காவிட்டால் நமக்குக் கட்டாது. ஃப்ரீ கேமின் மொத்தச் சிக்கலும் இதுதான் பாஸ்!

என்ன பண்ணலாம்?

எல்லாக் கார்டும் வேணும்னு அலையாமல், கைக்கு வந்த சாதாரண கார்டுகளில் ஒரே ஒரு டெக் போட்டு அதில் கில்லாடி ஆகுங்கள். டைமர் ஓடினால் போனைக் கவிழ்த்து வையுங்கள். அவசரம் அவர்களுக்குத்தான், நமக்கில்லை. கூகுள் பிளேயில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட் பண்ணலாம். மாத பட்ஜெட்டும் வைக்கலாம். அங்கேயே இருக்கிற ஆர்டர் ஹிஸ்டரியை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். தலை சுற்றினால் கம்பெனி பொறுப்பல்ல!

நம்ம நண்பர்? கேமை விடவில்லை. சாதாரண கார்டுகளை வைத்தே ஆடுகிறார், அவ்வப்போது ஜெயிக்கிறார். போன ஒண்ணாம் தேதி காலையில் முதல் வேலையாக கவுன்ட்டர் வரிசையில் நின்றார். அன்றைக்கு மயிலம் தாண்டியதும் டி.டி.ஆர். வந்தார். நண்பர் மேட்ச் நடுவில் இருந்தார். போனைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார், லெஜண்டரி கார்டை இறக்குகிற அதே கெத்தோடு!

மேட்ச்சில் தோற்றுவிட்டார். ஆனால் அன்றைக்கு டாய்லெட் பக்கம் ஓடவில்லை.