வெங்காயப் பட்டறையும் வீட்டுப் பூனையும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை எட்டுவதற்குச் சுமார் 17 கிலோமீட்டர் முன்பாக ஒரு கற்கோட்டை தலை நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை. கர்நாடக நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுற்றிலும் அகழி, அரை வட்டக் கொத்தளங்கள், படிப்படியாக உயர்ந்து செல்லும் மூன்று அடுக்கு மதில்கள். 1751-ல் வாலிகண்டபுரத்துப் போரின்போது, ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறு பக்கம் முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்ட பூமி இது.

பீரங்கிச் சத்தம் ஓய்ந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது இந்தப் பக்கத்தில் நடக்கும் யுத்தம் வேறு. அது எலிக்கும் தானியத்துக்கும் இடையே நடப்பது. அந்த யுத்தத்தில் குடியானவன் கட்சியில் நிற்கும் சேனாதிபதி யார் தெரியுமா? அடுப்பங்கரையில் சாம்பல் படிய உறங்குகிறதே, அந்தப் பூனைதான்!

காட்டு வீட்டின் காலைப் பொழுது

ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, சொந்த நிலத்திலேயே கிணற்றடியில் வீடு கட்டிக்கொண்டு வாழ்வதைக் 'காட்டு வீடு' என்பார்கள். முன்னால் ஒரு திண்ணை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, பின்னால் கரிசல் காடு. பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியில் விளையும். கிணற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில் சின்ன வெங்காயம். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஜில்லாக்களில் பெரம்பலூர் முன் வரிசையில் நிற்பது.

அத்தகைய வீடொன்றில் பொழுது விடிவதைப் பாருங்கள். கோழி கூவுகிறது. பாட்டி எழுந்து சாணம் தெளிக்கிறாள். மருமகள் கறவைக்குச் செம்பை எடுத்துக்கொண்டு போகிறாள். செம்பு நகரும் ஓசை கேட்டதோ இல்லையோ, பரண் மேலிருந்து ஒன்று, குதிருக்குப் பின்னாலிருந்து ஒன்று, அடுப்பு மேட்டிலிருந்து ஒன்று என மூன்று பூனைகள் சோம்பல் முறித்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. அவற்றில் மூத்தது கறுப்பும் வெள்ளையும் செம்பட்டையும் கலந்த மூன்று நிறக்காரி. இப்படி மூன்று நிறம் கலந்த பூனை அநேகமாகப் பெட்டையாகவே இருக்கும். கடுவனாக இருப்பது மிக மிக அபூர்வம்.

காலை ஆகாரம் கம்பங்கூழும் மோரும். கடித்துக்கொள்ள உரித்த வெங்காயம் நாலு. பள்ளிக்கூடம் போகும் பேத்திக்கு மட்டும் இட்டிலி. மதியத்துக்குச் சோறு, கீரை கடைசலோ, கத்தரிக்காய்க் குழம்போ இருக்கும். செவ்வாய், வெள்ளி தவிர்த்து மற்ற நாள்களில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால், வாசனை கிணற்றடி வரைக்கும் போகும். மூன்று பூனைகளும் அடுப்படி வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிடும்.

சித்திரை வெயிலும் வடகமும்

இந்த வீடுகளில் வெங்காயம் இல்லாத குழம்பு கிடையாது. வடகம் இல்லாத தாளிப்பும் கிடையாது. சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் வடகம் போட ஆரம்பிப்பார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கி, பூண்டைத் தட்டி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்துப் பிசறி ஊற வைப்பார்கள். மறு நாள் உருண்டை பிடித்துப் பாயில் காய வைப்பது. மாலையில் மீண்டும் பானையில் போட்டுப் பிசைவது. இப்படிப் பல நாள் காய்ந்த பிறகு விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால், ஒரு வருஷத்துக்குத் தாளிப்புக் கவலை இல்லை.

காகம் விரட்டுவது பேத்தியின் வேலை. பாய்க்கு அருகில் நிழலில் படுத்திருப்பது மூன்று நிறக்காரியின் வேலை!

விதை வெங்காயத்துக்குத் தனி மரியாதை. சின்ன வெங்காயத்தை இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் காயையே விதையாக ஊன்றிப் பயிர் செய்கிறார்கள். ஆகவே, அடுத்த போகத்துக்கு வேண்டியதைப் பட்டறை போட்டுக் காப்பாற்ற வேண்டும். தரையில் ஈரம் ஏறாதபடி கல்லை அடுக்கி, மேலே கழி பரப்பி, காற்றோட்டத்துக்கு இடம் விட்டுத் தட்டி கட்டி, கூரை வேய்ந்த நீளமான சிறு குடில்தான் பட்டறை. சென்ற ஆண்டு மூன்று நிறக்காரி அதன் அடியில்தான் நாலு குட்டி போட்டது.

ஏழு வீடு மாறும் தாய்

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாறும் என்பது வழக்கு. எண்ணிக்கை ஏழோ மூன்றோ, மாறுவது உண்மை. மோப்பம் பிடித்து வரும் நாய்க்கும் கடுவனுக்கும் பயந்து, குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு தாய் இடம் மாற்றுகிறது. கவ்விய மாத்திரத்தில் குட்டி கை காலை ஒடுக்கிக்கொண்டு சும்மா தொங்கும். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டிக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. ஸ்ரீவைஷ்ணவப் பெரியவர்கள் பகவானிடம் சரணாகதி செய்வதை விளக்க மார்ச்சார நியாயம் என்று இதைத்தானே எடுத்துக்கொண்டார்கள்!

தமிழுக்கும் பூனைக்கும் பழக்கம் பழையது. வெருகு என்றும் பூசை என்றும் பழைய நூல்களில் அதற்குப் பெயர். வெருகின் இளசுக்குக் 'குட்டி' என்ற பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியலிலேயே சொல்லியிருக்கிறது. உலகத்தில் பூனை மனிதனோடு சேர்ந்த கதையும் தானியத்தை ஒட்டியதுதான். மேற்காசியாவில் மனிதன் தானியம் விளைத்துச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய சவக்குழி ஒன்றில், மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள்.

விருந்தா, விஷமா?

குட்டிகள் ஒரு மாதத்தை எட்டிய சமயம். வீட்டில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கருவாட்டுக் குழம்பு. பால் கொடுக்கிற பூனையாயிற்றே என்று, பாட்டி குழம்புச் சோற்றைக் கொட்டாங்குச்சி நிறையப் பிசைந்து வைத்தாள். மூன்று நிறக்காரியும் நக்கித் தீர்த்தது. பிறகு இரண்டு நாளாக அது அடுப்படிப் பக்கமே வரவில்லை.

"பூனை சோத்துக்கே வரக் காணோமே, அத்தை?" என்றாள் மருமகள்.

"எதையாவது கடிச்சு வச்சிருக்கும். இல்லாட்டி கண்ணேறு பட்டிருக்கும்" என்றாள் பாட்டி.

பட்டறைக்கு அடியில் குனிந்து பார்த்த பேத்திதான் ஓடி வந்தாள். "அப்பாயி! மூச்சு வாங்குது. வாயைத் தெறந்து பார்த்தேன், ஈறெல்லாம் வெளுத்துக் கெடக்கு!"

கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு போட்டீங்க?" என்பதுதான்.

"நாங்க சாப்பிட்டதைத்தான் போட்டோம், ஐயா. கருவாட்டுக் குழம்புச் சோறு."

"வெங்காயம் போட்ட குழம்பா?"

"வெங்காயம் இல்லாமக் குழம்பா? ஒரு படி உரிச்சுப் போட்டோம்."

"அதுதாம்மா வினை. உங்களுக்கு மருந்து, அதுக்கு விஷம்!"

பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க பொழப்பே வெங்காயத்துல தானே, ஐயா" என்றாள் தழுதழுத்த குரலில்.

மருத்துவர் சொன்னது முற்றிலும் உண்மை. வெங்காயத்திலும் பூண்டிலும் கந்தகம் சேர்ந்த சில சத்துக்கள் உண்டு. மனிதன் சாப்பிடும் அளவில் அவை அவனை ஒன்றும் செய்வதில்லை. பூனையின் இரத்தத்திலோ அவை சிவப்பு அணுக்களைச் சிதைத்துவிடுகின்றன. பூனையின் உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யப் போதும். மூன்று கிலோ பூனைக்கு 15 கிராம். அதாவது, இரண்டு மூன்று சின்ன வெங்காயம்! வேக வைத்தாலும் வதக்கினாலும் காய வைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்தே சோர்வு, ஈறு வெளுப்பு, மூச்சிரைப்பு, சிறுநீர் கறுத்துச் சிவந்து போதல் ஆகியவை தோன்றும். அதனால்தான் காரணம் இன்னதென்று வீட்டாருக்குப் புரிவதில்லை. பாம்பின் மீதும் கண்ணேற்றின் மீதும் பழி போகிறது.

இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வெங்காயத்தை அடியோடு நிறுத்தி, சத்துள்ள ஆகாரம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். நிலைமை முற்றினால் இரத்தம் ஏற்ற வேண்டியும் வரும். மூன்று நிறக்காரி அந்த எல்லைக்குப் போகவில்லை. பேத்தி வேக வைத்த முட்டையையும் மீனையும் நசுக்கி, தாய்க்கும் குட்டிகளுக்கும் வேளை தவறாமல் ஊட்டினாள். உடலில் புது இரத்தம் ஊற ஊற, இரண்டு வாரத்தில் அது எழுந்து நடமாடியது.

ஆனால், மருத்துவரிடம் போய் வந்த அன்றிரவு பாட்டி சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் காரணம் தெரியாமல் செத்துப்போன பூனைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் கையால் சோறு தின்றவை.

பூனைக்கு ஏற்ற சாப்பாடு

பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. இனிப்பின் ருசியே அதற்குத் தெரியாது. நாக்கில் அதற்குரிய அமைப்பு இல்லை என்று 2005-ல் கண்டறிந்திருக்கிறார்கள். மாமிசத்திலும் மீனிலும் உள்ள 'டாரின்' என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் கண் பார்வை கெடும், இருதயமும் பலவீனப்படும். வெறும் ரசஞ்சோற்றில் வளரும் காட்டு வீட்டுப் பூனை தப்பிப் பிழைப்பது, அது பிடித்துத் தின்னும் எலியின் தயவால்தான். பால் பூனைக்கு ஏற்றது என்பதும் முழு உண்மையல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிறு போகும். அதற்கு எப்போதும் வேண்டியது சுத்தமான தண்ணீர். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்ற பூனையும் சாகக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

செலவு ஒன்றும் அதிகமில்லை. குழம்புக்குப் போடும் முன் கருவாட்டுத் தலையை எடுத்து, உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் கழுவி, வெறும் தண்ணீரில் வேக வைத்துச் சோற்றோடு பிசைந்தால் போதும்.

இப்போது அந்த வீட்டில் புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அடுப்பில் கருவாடு ஏறும் நாளில் முதலில் வேகுவது பூனையின் பங்கு. அது கொட்டாங்குச்சிக்குப் போன பிறகுதான் வெங்காயம் உரிக்க அரிவாள்மணையை எடுக்கிறாள் பாட்டி. உரித்த தோலையும் சருகையும் அவளே கூட்டி அள்ளிக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் கொட்டிவிட்டு வருகிறாள்.

பட்டறைக்கு அடியில் பிறந்த நாலு குட்டிகளில் இரண்டு அக்கம்பக்கத்துக் காட்டு வீடுகளுக்குப் போயின. வாங்க வந்தவர்களிடம் பேத்தி குட்டியை உடனே கொடுத்துவிடவில்லை. "கொழம்புச் சோறு போடக் கூடாது, தெரியுமில்ல?" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகே கையில் கொடுத்தாள்.