பாட்டியின் பெயரைத் தமிழில் எழுதத் தெரியுமா?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு எத்தனை பேர் வந்தாலும், யார் எங்கே உட்காருவது என்று யாரும் கேட்பதில்லை. ‘பந்திக்கு முந்து’ என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு. ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் மட்டும் கூடும் வீட்டு விருந்து என்றால், ஒவ்வொருவர் இடத்திலும் கையால் எழுதிய பெயர் அட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள்.

செய்வது சுலபம். ஏ4 அளவு மணிலா அட்டை ஒன்றை நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் இரண்டாகவும் வெட்டினால் ஆறு துண்டுகள் கிடைக்கும். நடுவில் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒரு கோடு கிழித்து மடியுங்கள். மடிப்பு நேராக விழும். அட்டை கூரைபோல் நிற்கும். வாழை இலை போட்டால் இலையின் மேல் விளிம்புக்கு அப்பால் வையுங்கள். சாம்பார் படாது.

எழுதும்போதுதான் வேலை இருக்கிறது. தோட்டங்களில் கிராணி காதில் விழுந்ததைப் பதிவேட்டில் எழுதினார். பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் நம் பெயர்கள் ரூமி எழுத்திலேயே இருக்கின்றன. ரூமியில் ந, ன, ண மூன்றுக்கும் ஒரே ‘என்’. ல, ள இரண்டுக்கும் ஒரே ‘எல்’. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ‘ஜாலான் துன் சம்பந்தன்’ என்ற சாலைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் ரூமியில் பத்து எழுத்து, தமிழில் ஆறே எழுத்து. ரூமியில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு ‘என்’களில் ஒன்று ந், மற்றது ன். கண்ணன் என்ற பெயரில் ஓர் ‘என்’ விட்டுப்போனால் மலாய் வாசகருக்கு அது ‘வலப்பக்கம்’ ஆகிவிடும்!

ஆகவே அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே எழுதினால் போதாது. ஆளைக் கேட்க வேண்டும். ‘லெட்சுமி’ என்று பதிவான பாட்டி தம் பெயரை லட்சுமி என்றே எழுதுபவராக இருக்கலாம். அல்லது ஆயுள் முழுக்க லெட்சுமியாகவே வாழ்ந்திருக்கலாம். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இலக்கணப் புத்தகம் தேவையில்லை. அவர் சொல்வதை எழுதுங்கள். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம், தலைப்பெழுத்து போதும்.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் அட்டையில் ‘பாட்டி’ என்று மட்டும் எழுதினால் என்ன என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டி, அம்மா, அத்தை என்ற அழைப்புகளுக்குள் வீட்டுப் பெண்களின் பெயர்தான் முதலில் மறைகிறது. நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் நண்பர்களிடம் பாட்டியின் முழுப் பெயரைக் கேட்டால் பலர் வீட்டுக்கு அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். எனவே முறையைச் சிறிய எழுத்திலும் பெயரைப் பெரிய எழுத்திலும் எழுதலாம். மரியாதை குறையாது.

தமிழ் படிக்காத தம்பி தங்கைகள் இல்லாத வீடு கெடாவில் குறைவு. அவர்களுக்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. கூரையின் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ரூமி என்று எழுதினால், எதிரே இருப்பவர் பெயரைத் திருப்பிப் பார்த்து எழுத்துகளை ஒப்பிடுவார்கள். தமிழுக்கு மேலும் கீழும் இடம் விடுங்கள். ‘சி’யின் வளைவு மேலே ஏறும், ‘கு’ கீழே இறங்கும். முதலில் பென்சிலில் எழுதிப் பார்ப்பது நல்லது.

அலங்காரத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். ரப்பர் இலையை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் பச்சை கழன்று நரம்பு வலை மட்டும் மிஞ்சும். வண்ணம் ஏற்றிய புத்தகக் குறியாக இதை விற்பார்கள். உலர்த்தி அட்டையின் மூலையில் ஒட்டினால் போதும். நம் பக்கத்தில் எவ்வளவோ நிலம் செம்பனைக்கு மாறிவிட்டது. ஆனாலும் பீடோங், பாடாங் செராய் பக்கம் இலைக்குப் பஞ்சமில்லை. வாடை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும், வாளியை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

அட்டையின் உட்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அங்கே அவர் பிறந்த தோட்டத்தின் பெயரை எழுதலாம். தோட்டத்துக்கும் பலகையில் ஒரு பெயர், நம்மவர்கள் வாயில் ஒரு பெயர் என்று இருந்ததுண்டு. எதை எழுதுவது என்று தாத்தாவிடம் விருந்துக்கு ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியாது.