குடமும் சௌடிகேயும் மேடை ஏறிய கதை

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி. பொம்மசந்திரா தொழிற்பேட்டையை நம்பி வந்த தமிழர்கள் இங்கே ஏராளம். எந்த ஊர் என்று கேட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்பார்கள்.

இந்தப் பக்கம் புதிதாகக் கடை திறப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். திறப்பு விழா அன்றோ, மறுநாளோ திருநங்கைகள் வருவார்கள். கைதட்டி, "வியாபாரம் பெருகட்டும்" என்று வாழ்த்துவார்கள். கல்லாவிலிருந்து நூறோ இருநூறோ கைமாறும். அத்தோடு சரி. அவர்களுக்கும் பாட்டும் ஆட்டமும் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

உண்டு. அதுவும் இதே கர்நாடகத்தில், ஜனாதிபதி மாளிகை வரை போய் வந்த ஆட்டம் அது. பெயர் ஜோகதி நிருத்தியம். அதை ஆடுபவர்களில் பலர் ஜோகப்பாக்கள். ஆணாகப் பிறந்து, எல்லம்மா தேவிக்கு நேர்ந்துவிடப்பட்டு, சேலை உடுத்திப் பெண்ணாக வாழ்பவர்கள். ஹெப்பகோடியில் கடைக்கு வருகிறவர்களும் இவர்களும் ஒரே கூட்டத்தார் அல்லர். வழக்கங்கள் வேறு. ஆனால் வாசலில் நிற்க வேண்டிய நிலை இருவருக்கும் ஒன்றுதான்.

தமிழருக்குப் புதியவள் அல்ல

எல்லம்மா வேறு யாருமில்லை, நம் படைவேட்டு ரேணுகாம்பாள்தான். ஜமதக்கினி முனிவரின் மனைவி, பரசுராமனின் தாய். பெளகாவி மாவட்டம் சவதத்தியில் மலைமேல் அவளுக்குக் கோயில். டிசம்பர் வாக்கில் வரும் பௌர்ணமியில் முனிவர் இறந்ததை நினைத்து அங்கே ஜோகதிகள் வளையல் உடைப்பார்கள். கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி அறுத்து அழும் திருநங்கைகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு வேற்றுமை உண்டு. சவதத்தியில் இரண்டு மாதம் கழித்து வரும் பௌர்ணமியில் தேவி மீண்டும் சுமங்கலி ஆகிவிடுவாள். வளையலும் திரும்ப ஏறும்.

ஆட்டத்துக்குத் தலையில் குடம். கை படாமல் அதை நிறுத்தி, குனிந்து, சுழன்று ஆட வேண்டும். நம் கரகாட்டத்துக்கு அக்காள் தங்கை முறை என்று சொல்லலாம். பக்கத்தில் சௌடிகே. ஒரு பக்கம் தோல் கட்டிய உருளை, அதிலிருந்து ஒற்றை நரம்பு. அக்குளில் இடுக்கிக்கொண்டு மீட்டினால் தாளமும் சுருதியும் சேர்ந்தே வரும். கூடத் தாளம் தட்ட ஒருவர். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் தேவியைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வீடு வீடாகப் பாடிப் போவார்கள். தானியமோ காசோ விழும்.

இந்த ஆட்டத்தை வாசலிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மஞ்சம்மா ஜோகதி.

பஸ் நிலையத்தில் கிடைத்த குரு

பல்லாரிப் பக்கம் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் மஞ்சுநாத செட்டி. பதினைந்து வயதையொட்டி, தான் பெண் என்ற உணர்வு வலுத்தது. பெற்றோர் ஹொசபேட்டை அருகே ஹுலிகெம்மா கோயிலில் நேர்ந்துவிட்டார்கள். அதன்பின் வீட்டில் இடமில்லை. விஷம் குடித்தார், பிழைத்தார். பிச்சை எடுத்தார்.

தாவணகெரே பஸ் நிலையத்தில் ஒரு நாள் தகப்பன் பாட, மகன் தலையில் குடம் வைத்து ஆடக் கண்டார். சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு, அவர்கள் குடிசைக்கே போய்க் கற்றுக்கொண்டார். பின்னர் காளவ்வா ஜோகதியின் குழுவில் சேர்ந்தார். காளவ்வா மறைந்தபின் குழு இவர் கைக்கு வந்தது. 2010-ல் மாநில அரசின் ராஜ்யோத்சவ விருது. 2019-ல் கர்நாடக ஜானபத அகாதமியின் தலைவர். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் திருநங்கை அவர்.

2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்க டெல்லி சென்றார். விருதைக் கையில் வாங்குவதற்கு முன், அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்துக்கு முந்தானையால் திருஷ்டி கழித்தார்! மண்டபமே கைதட்டியது. வாசல் வாசலாகச் செய்யும் வாழ்த்தை அங்கேயும் செய்தார், அவ்வளவே.

ஒரே ஜமுக்காளம்

சங்கீத மேடையிலும் ஒரு காரியம் நடந்தது. 2016-ல் மகசேசே விருது பெற்ற பாடகர் டி.எம். கிருஷ்ணா, ஜோகப்பாக்களுடன் சேர்ந்து கச்சேரி செய்தார். பெங்களூரிலும் நடந்தது, சென்னையிலும் நடந்தது. அவர்கள் எல்லம்மா பாட்டு, இவர் கர்நாடக சங்கீதம். சில இடங்களில் இரண்டும் கலந்து. சபாக்காரர்களில் முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் சௌடிகேயும் மிருதங்கமும் ஒரே ஜமுக்காளத்தில் இருந்தன.

தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்பது நல்லது. சென்னை ராஜதானியில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் சபா ஏறியது. ஆனால் அதை வழிவழியாகக் காத்த பெண்களில் பெரும்பாலோர் கீழேயே நின்றுவிட்டார்கள். கலை போயிற்று, கலைஞர் போகவில்லை. கர்நாடகத்தில் 1982-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. நேர்ந்துவிடுவது ஒழிய வேண்டியதுதான். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆட்டம் அதோடு போய்விடுமா, நாளை வேறு யாராவது ஆடி ஜோகதிகள் வேடிக்கை பார்க்க நேருமா என்பதே கேள்வி. மஞ்சம்மா தன் குழுவோடு மேடை ஏறியதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே.

விருது இரண்டு மூன்று பேருக்கு. மற்றவர்களுக்கு வீட்டு வாடகை இருக்கிறது. கோயில் விழாவுக்கும் சங்க ஆண்டு விழாவுக்கும் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கும் நம்மவர்கள், ஒரு முறை ஜோகதிக் குழுவை அழைத்து, பேசிய சம்பளத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். வாழ்த்துக்குக் கொடுப்பது வேறு, ஆட்டத்துக்குக் கொடுப்பது வேறு.

பெங்களூரில் பால் சிறுபான்மையினரின் பேரணி 2008-ல் தொடங்கியது. இப்போது நவம்பர் வாக்கில் நடக்கிறது. மேளமும் ஆட்டமுமாகப் போகும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்தபின் ஹெப்பகோடியிலிருந்து நகருக்குள் போவது எளிதாகிவிட்டது, ஆர்.வி. ரோட்டில் வண்டி மாற வேண்டும். ஜோகதிகளை அவர்கள் மலையிலேயே காண விரும்புவோர், தார்வாட் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சவதத்திக்குப் பஸ் பிடிக்கலாம். பௌர்ணமி நாட்களில் கூட்டம் தாங்காது. முந்தின நாளே போய்விடுவது நல்லது.