அறத்தொடு நிற்றல்: சங்க அக இலக்கியத்தில் நம்பிக்கையுறவும் உண்மையுரைத்தலும்

ஆய்வுச்சுருக்கம்

களவொழுக்கத்தில் மறைவாக வளர்ந்த அன்பை உரியவரிடம் வெளிப்படுத்தித் திருமணத்திற்கு வழிகோலுவது அறத்தொடு நிற்றல் என்னும் துறையாகும். இத்துறை பெரும்பாலும் களவிலிருந்து கற்பிற்குச் செல்லும் இடைநிலைக் கூறாகவே விளக்கப்பட்டு வருகிறது. ஒரு குடும்பத்திற்குள் நம்பிக்கை எவ்வாறு கைமாறுகிறது, உண்மை யாரிடம் எந்த அளவில் சொல்லப்படுகிறது என்பவற்றை அறியவும் இது சிறந்த சான்றாகும். தொல்காப்பிய விதிகளையும் குறிஞ்சிப்பாட்டு, நற்றிணை, குறுந்தொகை, கலித்தொகைப் பாடல்கள் சிலவற்றையும் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அறத்தொடு நிற்றல், தோழி, செவிலி, களவு, நாண், கற்பு, வெறியாட்டு

முன்னுரை

அக இலக்கியம் காதலர் இருவரை மட்டும் பேசும் இலக்கியம் அன்று. தலைவன், தலைவி ஆகியோருடன் தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பாணன் எனப் பலரும் அதில் இடம்பெறுகின்றனர். இருவருக்கிடையே தோன்றிய அன்பு நிலைபெறுவதற்குப் பிறருடைய இசைவும் துணையும் தேவைப்படுகின்றன. இத்தேவை கூர்மையாக வெளிப்படும் இடம் அறத்தொடு நிற்றல் ஆகும்.

மௌனம் கலையும் சூழல்

தலைவி தன் காதலைத் தானே வெளிப்படுத்துவதை நாண் தடுக்கிறது. உயிரைக் காட்டிலும் நாண் சிறந்தது என்றும், நாணைக் காட்டிலும் கற்புச் சிறந்தது என்றும் தொல்காப்பியக் களவியல் வரிசைப்படுத்துகிறது. அறத்தொடு நிற்றலின் அடிப்படை இவ்வரிசையில் அடங்கியுள்ளது. இயல்பான நிலையில் நாண் மௌனத்தைக் கோருகிறது. கற்புக்கு இடர் நேரும்போது அம்மௌனத்தைக் கலைப்பதே அறமாகிறது.

அவ்விடர் பல வகையில் நேரும். தலைவி வீட்டுக்காவலில் வைக்கப்படும் இற்செறிப்பு, அவளது மெலிவை முருகனால் நேர்ந்ததாகக் கருதி வேலனை அழைத்து நிகழ்த்தும் வெறியாட்டு, அயலார் மணம் பேச வரும் நொதுமலர் வரைவு ஆகியன அவற்றுள் முதன்மையானவை. தலைவி ஒருவனை மனத்தால் ஏற்றுக்கொண்ட பின்னர் வேறொருவருக்கு அவளை மணமுடித்துக் கொடுப்பதே இவற்றுள் பேரிடராகும். அதற்குமுன் உண்மை சொல்லப்பட வேண்டும்.

சொல்லும் வரிசை

தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை, தமையன்மார்க்கும் அறத்தொடு நிற்பர் என்பதை நம்பியகப்பொருள் முறைப்படுத்திக் கூறுகிறது. இவ்வரிசையில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, ஒவ்வொருவரும் தமக்கு மிக நெருக்கமானவரிடமே உண்மையைச் சொல்கின்றனர். இடையில் உள்ள எவரையும் தாண்டிச் செய்தி செல்வதில்லை. தோழி என்பவள் செவிலியின் மகள் எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவ்வகையில், தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்பது ஒரு மகள் தன் தாயிடம் பேசும் பேச்சாகவும் அமைகிறது. தலைவியின் உடனிருந்தும் அவள் களவை மறைத்தவள் என்னும் பழி முதலில் தோழியையே சாரும். அதனை அறிந்தே அவள் பேசுகிறாள். நட்பு இங்கே பழியைப் பகிர்ந்து ஏற்கும் உறவாக உயர்கிறது.

இரண்டாவது, செய்தி கைமாறும்தோறும் சொல் சுருங்குகிறது. தோழி செவிலியிடம் விரித்துரைக்கிறாள். தந்தையும் தமையன்மாரும் குறிப்பால் உணர்வர் என்பதே களவியல் கூறும் மரபு. சொல்வோர் அனைவரும் பெண்கள். இறுதியில் கேட்போர் ஆண்கள். அதிகாரமும் படைக்கலமும் உள்ள இடத்தில் உண்மை மிக எச்சரிக்கையுடன் சென்று சேர்கிறது.

எழுவகை உரைமுறை

தோழி அறத்தொடு நிற்கும் முறைகளை எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பும் கிளவி என ஏழாகப் பொருளியல் வகுக்கிறது. தலைவனின் எளிமையைக் கூறுதல், அவன் சிறப்பைப் புகழ்தல், அவனது வேட்கையை எடுத்துரைத்தல், உசாவும் முறையில் செய்தியைப் புலப்படுத்தல், உறவு நேர்ந்ததற்கு ஒரு காரணம் காட்டுதல், தற்செயலாக எதிர்ப்பட்டமையைக் கூறுதல், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்லுதல் என இவற்றைப் பொதுவாக விளக்கலாம்.

உண்மையை நேரே சொல்லுதல் இப்பட்டியலின் இறுதியில் நிற்பது கருதற்குரியது. கேட்பவர் மனம் ஏற்கும் நிலைக்கு வருவதற்கான வழிகளாக ஏனைய ஆறும் முன்னிற்கின்றன.

இலக்கியச் சான்றுகள்

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாகவே அமைந்துள்ளன. தலைவியின் மெலிவுக்குக் காரணம் தேடி வருந்தும் செவிலியின் துயரத்தைத் தோழி முதலில் எடுத்துரைக்கிறாள். அடுத்துத் தலைவியின் மனப்போராட்டத்தைக் கூறுகிறாள். அதன் பின்னரே நிகழ்ச்சிக்கு வருகிறாள். தினைப்புனக் காவல், பூப்பறித்தல், சினங்கொண்டு வந்த யானையைத் தலைவன் அம்பெய்து விலக்கியமை, அவன் தெய்வத்தை முன்னிறுத்தி உறுதி கூறியமை என அவள் உரை படிப்படியாக வளர்கிறது. யானையிடமிருந்து காத்தமை ஏதீடாகவும், தலைவனின் பண்பைக் கூறுதல் ஏத்தலாகவும் அமைந்து, முழுக்கூற்றும் உண்மை செப்புதலில் நிறைவுறுகிறது.

ஔவையார் பாடிய குறுந்தொகை 23ஆம் பாடலில் முறை வேறு. கட்டுவிச்சி மலைகளைப் பாடிக் குறிபார்க்கிறாள். தலைவனுடைய குன்றைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுமாறு தோழி அவளை வேண்டுகிறாள். பேச்சு கட்டுவிச்சியை நோக்கியது. பொருள் அருகிலிருக்கும் தாயை நோக்கியது. குறுந்தொகை 362இல் தோழி வேலனை வினவுகிறாள். முருகனுக்கு இடும் பலியைத் தலைவியின் நோய்க்குக் காரணமான தலைவனின் மார்பும் உண்ணுமோ என்பது அவ்வினாவின் கருத்து. நற்றிணை 34இல் முருகனே விளிக்கப்படுகிறான். தன்னால் வராத நோய்க்குத் தான் வந்து நின்ற அறியாமை அவன்மேல் ஏற்றப்படுகிறது. சடங்கின் பிழையைச் சுட்டும் இத்துணிவு தாயைப் பழிக்காமலேயே உண்மையை உணர்த்துகிறது.

கலித்தொகை 39ஆம் பாடல் செய்தி ஆண்களைச் சென்றடைந்த பின் நிகழ்வதைக் காட்டுகிறது. தோழி அறத்தொடு நிற்க, தாய் அதனைத் தம் வீட்டு ஆடவர்க்கு எடுத்துரைக்கிறாள். அவர்கள் அம்பையும் வில்லையும் நோக்குகின்றனர், கண் சிவக்கின்றனர், ஒரு பகல் முழுவதும் சினத்தில் கழிகிறது. பின்னர் ஆறி, இருவரிடத்தும் குற்றமில்லை எனத் தெளிந்து தலைசாய்க்கின்றனர். மலைவாழ்நர் முறையல்லாதன செய்தால் கிழங்கும் தேனும் தினையும் பொய்க்கும் என்னும் கருத்தும் இப்பாடலில் உண்டு. காதலை மதியாமை குடும்பத்தின் தவறாக மட்டும் நில்லாமல் நிலத்தின் வளத்தையே கெடுக்கும் அறக்கேடாகக் காணப்படுகிறது. வில் எடுக்கப்படாமல் போனதற்கு அந்த ஒரு பகற்பொழுதும், அதற்குமுன் பெண்கள் அளந்து பேசிய சொற்களுமே காரணமாகின்றன.

இலக்கிய மரபும் வாழ்வியலும்

இப்பாடல்களை அக்காலச் சமூகத்தின் நேர்ப்பதிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அகப்பாடல் மாந்தர் பெயர் சுட்டப்பெறாதவர். அவர்தம் கூற்றுகள் மரபால் வரையறுக்கப்பட்டவை. எல்லாக் காதலும் இசைவில் முடிந்தன என்றும் கூறவியலாது. இசைவு கிட்டாதபோது நிகழும் உடன்போக்கையும், மகளைப் பிரிந்த தாயின் புலம்பலையும் பாடும் பாடல்கள் பல உள்ளன. எனினும், சினத்திற்கும் இசைவிற்கும் இடையே ஆராய்ந்து தெளியும் ஒரு பொழுதினை மரபு விழுமியமாகப் போற்றியது என்பதில் ஐயமில்லை.

வயது வந்த இருவர் மணம்புரிய உடன்படும்போது குடும்பம், சமூகம், குலம் ஆகியவற்றின் ஒப்புதல் தேவையில்லை என்று சக்தி வாகினி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சாதி ஆணவக் கொலைகள் தொடரும் சூழலில் அத்தகைய பாதுகாப்பைச் சட்டம் வழங்க வேண்டியிருக்கிறது. அறத்தொடு நிற்றல் குடும்பத்தின் இசைவை நாடும் மரபாதலால் இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், தேர்ந்துகொண்ட துணையை மறுப்பது அறமன்று என்னும் கருத்தில் இரண்டும் நெருங்கி வருகின்றன.

முடிவுரை

அறத்தொடு நிற்றல் காதலரின் உறவை மட்டுமன்றித் தோழமை, தாய்மை, உடன்பிறப்பு ஆகிய உறவுகளையும் சோதிக்கும் துறையாகும். தோழி பழியை ஏற்கிறாள். தாய்மார் செய்தியைத் தாங்கிச் செல்கின்றனர். ஆடவர் சினத்தை அடக்குகின்றனர். இவர்களுள் ஒருவர் தவறினும் சங்கிலி அறுபடும். காதலர் உறவு உயிர்பிழைப்பது அதனைச் சூழ்ந்த பிற உறவுகளின் அறத்தால் என்பதே இத்துறை உணர்த்தும் கருத்தாகும்.