மாம்பழத்துக்குள் ஒரு மணி

கெட்டிக்காரக் கண்ணுகளா! கிருஷ்ணகிரிச் சாலையில் கிரானைட் ஏற்றிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லில் பொட்டாசியம் உண்டு. யுரேனியமும் தோரியமும் துளித்துளி உண்டு. அவற்றின் அணுக்களில் சில தாமாகவே சிதைந்து கதிர் வீசும்.

ஓடாதீர்கள்! நீங்கள் கடிக்கும் பெங்களூரா மாம்பழத்திலும் பொட்டாசியம்தான். அதில் பத்தாயிரத்தில் ஓர் அணு பொட்டாசியம்-40. நூறு கிராம் சதையில் நொடிக்கு ஏறக்குறைய 5 அணுக்கள் சிதைகின்றன. பெரியவர் ஒருவர் உடம்பில் 4,000! நம் தாத்தாவுக்குத் தாத்தாவும் இப்படித்தான் வாழ்ந்தார்.

அப்புறம் யாருக்குத் தொல்லை? நியூட்ரினோ தேடுகிறவர்களுக்கு.

நியூட்ரினோ மகா கூச்சக்காரத் துகள். பூமியையே ஊடுருவிப் போகும், ஏறக்குறைய எதையும் தொடாது. வானத்துக் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அதன் காலடி கேட்காது. அதனால்தான் 1965-இல் நம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் தங்கவயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்தார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள்.

மேலே பாறைக் குடை. புரிகிறதா? ஆனால் குடையே முணுமுணுத்தால்? இன்றைய சில சோதனைகள் ஒரேயொரு சிதைவுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவை. அவற்றுக்கு ஒரு திருகாணியின் முணுமுணுப்பும் பெரிய சத்தம்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் சோதிக்க வேண்டும். எப்படி?

பள்ளியில் இடைவேளை மணி ஒரு மாதிரி, வீட்டுக்கு விடும் மணி ஒரு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள், இல்லையா? கதிர் வீசும் அணுக்களுக்கும் அப்படி மணி உண்டு. பொட்டாசியம்-40 வீசும் காமா கதிரின் ஆற்றல் எப்போதும் 1,461 கிலோ எலக்ட்ரான்வோல்ட். கல்லானாலும் மாம்பழமானாலும் அதே மணிதான்!

அதைக் கேட்கும் காது ஜெர்மானியம் படிகம். மும்பையில் அதைத் திரவ நைட்ரஜனால் நடுங்க நடுங்கக் குளிரவைத்து, சுற்றிலும் காவலுக்குக் காரீயமும் செம்பும் அடுக்கி, தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் திட்டமிட்ட மலையின் பாறையை வைத்துக் காத்திருந்தார்கள். பொட்டாசியம் மணி கணீரென்று கேட்டது.

காவல் காக்கும் காரீயமே அடங்கியிருக்காது என்பதுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. புதுக் காரீயத்தில் காரீயம்-210 ஒட்டிக்கொண்டிருக்கும். 22 ஆண்டுக்கொரு முறை அது பாதியாகும். அதனால் 2010-இல் இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம், 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து 120 காரீயக் கட்டிகளை வாங்கிக்கொண்டது.

கணக்கு நோட்டை எடுங்கள். 2,000 ஆண்டில் எத்தனை முறை பாதியாகியிருக்கும்?