கடலில் இறங்குமுன்

சித்தூர், திருப்பதி வாழ் தமிழ்க் குடும்பத்தார்க்குக் கடல் என்பது, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் கண்டுவரும் காட்சியாகவே நெடுநாள் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெல்லூர் மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு பகுதியும் அதனுடன் வந்து சேர்ந்தது. அதன்பின், வாக்காட்டுக்கு அருகிலுள்ள தூப்பிலிபாளையத்துக்கு நம் அன்பர்கள் வண்டி அமர்த்திக்கொண்டு சென்று வருகின்றனர். நாங்களும் சென்ற தை மாதத்தில் சென்றோம்.

இடுப்பளவு நீரில் நின்றிருந்த என் ஒன்பது வயது மகள் திடீரென அலறினாள். தூக்கி வந்து பார்த்தால், கணுக்காலில் சாட்டையால் அடித்தாற்போல் சிவந்த கோடுகள். ஜெல்லி மீன்தான். எங்கள் வேதாரணியப் பக்கத்தில் அதனைச் சொறி என்பர். கடலோரத்தில் பிறந்தவன் என்ற செருக்கில் ஈர மணலை அள்ளித் தேய்த்தேன். குடிக்க வைத்திருந்த நீரையும் கொட்டினேன். குழந்தை துடித்துவிட்டாள். "தேய்க்காதீங்க, இன்னும் எரியுதாம்" என்று அவள் தாய் கூறியும் நான் கேட்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், "வத்து, வத்து" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நான் செய்த பிழை என்ன என்பதைப் பின்னர் ஒரு மருத்துவரிடம் கேட்டறிந்தேன். சொறியின் இழைகளில் கண்ணுக்குப் புலனாகாத நச்சுப் பைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பட்டவுடன் அவையனைத்தும் வெடித்துவிடுவதில்லை. தோலில் ஒட்டியிருப்பவற்றை மணலால் தேய்த்தாலும், நல்ல நீரால் கழுவினாலும் எஞ்சியவையும் வெடிக்கும். ஆகவே கடல்நீரையே ஊற்றிக் கழுவுதல் வேண்டும். இழைகளை வெறுங்கையால் தொடாமல் இடுக்கியாலோ அட்டைத்துண்டாலோ எடுத்துவிட்டு, பெரியவர் ஒருவர் தம் கையில் சூடு பார்த்த வெந்நீரில் (45 பாகைக்கு மேற்படாமல்) இருபது நிமிடமேனும் அவ்விடத்தை வைத்திருத்தல் நலம். மூச்சுத் திணறல், மயக்கம், முகவீக்கம் தோன்றினால் வீட்டு வைத்தியம் வேண்டா, உடனே மருத்துவமனைதான். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நீலநிறக் காற்றுப்பை போன்ற உயிரையும் குழந்தைகள் தொடலாகாது. செத்துக் காய்ந்தது போலிருந்தாலும் அது கொட்டும்.

என் பாட்டனார் 1954ஆம் ஆண்டினைப் பற்றி அடிக்கடி பேசுவார். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து எங்கள் கொடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி வந்த ஆண்டு அது. 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். (1964 திசம்பர்ப் புயலில் இரயிலோடு அழிந்த அதே தனுஷ்கோடி! இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு அவ்வூரின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு கனக்கும்.) வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாக அந்நீரிணையைக் கடந்தார். குற்றாலீசுவரன் 1994இல் அதனைக் கடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டே.

இவர்களின் கதைகளைக் கேட்போர் முதலில் வினவுவது சுறாவைப் பற்றித்தான். உண்மையில், சீண்டாதிருக்கும்போதே சுறாவினால் கடியுண்போர் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு அறுபது எழுபது பேர் அளவினரே. அடுத்து அஞ்சப்படுவது கடற்பாம்பு. துடுப்புப் போல் தட்டையான வாலும் கொடிய நஞ்சும் உடையது அது. ஆயினும் நீந்துவோரைத் தேடிவந்து கடிக்கும் இயல்பு அதற்கில்லை. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் மீனவர்களே பெரும்பாலும் கடிபடுகின்றனர். நம் நாட்டு மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கிற்கே உரியதாதலால், கரையில் கிடக்கும் கடற்பாம்பைக் குச்சியால் புரட்டிப் பார்க்கும் விளையாட்டைச் சிறுவர்கள் விட்டுவிட வேண்டும். ஆழமற்ற நீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை மற்றொன்று. காலைத் தூக்கி வைத்து நடந்தால் அதன்மேல் மிதிப்போம், வால்முள் ஏறிவிடும். தரையோடு தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

அச்சத்தை மட்டுமே சொல்லி முடிப்பது கடலுக்குச் செய்யும் அநீதியாகும். அன்று கரை திரும்பிய படகுகளுக்கு அப்பால் ஓங்கில்கள் இரண்டு துள்ளியதைக் கண்டோம். தை முதல் பங்குனி வரை இரவு நேரங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். டார்ச் விளக்கடித்து அவற்றைக் கலைக்காதிருத்தல் வேண்டும்.

வரும் மாசியில் மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறோம். மகள் வர மறுப்பாளோ என்று அஞ்சினேன். அவளோ, வெந்நீர்ப் பிளாஸ்கைத் தானே தூக்கி வருவதாகவும், அப்பா மணலைத் தொடக்கூடாது என்றும் நிபந்தனை விதித்திருக்கிறாள்.